ஒரு ஆழாக்குக்கு மூன்று கரண்டி

எங்கள் தெருவில் யாராவது வந்து, "இருநூறு மில்லின்னா எத்தனை தம்ளருங்க?" என்று கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. தெரியாமல் இல்லை. போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி பத்திரிகையில் வந்த ஏதோ பலகாரக் குறிப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பால் இத்தனை மில்லி, எண்ணெய் இத்தனை மில்லி என்று போட்டிருந்தது. வேறு யாரையாவது கேள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கிழவிக்குத் திமிர் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். அந்தக் கணக்கை நான் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் போட்டேன். அதோடு என் மகள் போனாள். பழி என்னைத் தொடவில்லை. என் ஓரகத்தி மேல் போய் உட்கார்ந்தது. அது என் பழி என்று தெரிந்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை. அதைத்தான் இப்போது எழுதப் போகிறேன்.

அது யுத்த காலம். நான் இண்டூரில் வாக்கப்பட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காடு கழனி உள்ள குடும்பம். மாமனார் இல்லை, சாவிக்கொத்து அத்தையின் இடுப்பில் இருந்தது. மூத்தவர் விவசாயம் பார்த்தார். இளையவரான என் வீட்டுக்காரர் மொரப்பூர் ஸ்டேஷனில் குமாஸ்தா, வாரம் ஒருமுறை வருவார். மூத்தவர் பெண்சாதியை, அந்த ஓரகத்தியை, நான் அக்கா என்று கூப்பிடுவேன். கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை. அந்த வீட்டில் முதலில் எழுந்து கடைசியில் படுக்கிறவள் அவள்தான். அதற்காக யாரும் அவளை ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

நான் தருமபுரியில் எட்டாவது வரை படித்தவள். அந்த ஊரில் எட்டாவது படித்த மருமகள் என்றால் கலெக்டர் மாதிரி. தபால் வந்தால் என்னிடம் வரும். பத்திரம் வந்தால் என்னிடம் வரும். எனக்குத் தலைக்கனம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

குழந்தை பிறந்து இரண்டாம் மாதம் எனக்கு முறைக்காய்ச்சல் வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் தூக்கிப் போடும். கொய்னா மாத்திரை தின்று தின்று காது அடைத்தது. பால் வற்றிப்போனது. மாட்டுப் பாலைக் கொடுத்துப் பார்த்தார்கள், குழந்தை கக்கியது. ஆட்டுப் பாலும் சேரவில்லை. பொடிப்பால்தான் கொடுக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில் பொடிப்பால் டின்னுக்கு எங்கே போவது? என் வீட்டுக்காரர் யார் யார் காலையோ பிடித்து, ஜோலார்பேட்டை வழியாக வந்த ராணுவச் சாமானில் இரண்டு பெரிய டின் வாங்கிக்கொண்டு வந்தார்.

டின்னைச் சுற்றி ஒட்டியிருந்த காகிதத்தில் இங்கிலீஷ் ஒரு பக்கம், எந்த ஊர் பாஷையோ இன்னொரு பக்கம். உள்ளே ஒரு சின்னத் தகரக் கரண்டி. கொதித்து ஆறிய தண்ணீர் நாற்பது சி.சி.க்குத் தலை தட்டிய ஒரு கரண்டி என்று போட்டிருந்தது. அவுன்ஸ் என்றாலாவது கம்பவுண்டர் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இப்போது மில்லி என்கிறார்களே, அந்த சி.சி. என்னவென்று அப்போது ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. எங்கள் சமையலறையில் படி, உழக்கு, ஆழாக்கு, அதற்கும் கீழே கைக்கணக்கு. என் வீட்டுக்காரர் கெட்டிக்காரர், ரயில்வே ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் அவுன்ஸ் கிளாஸை ஒரு நாள் இரவலாகக் கொண்டுவந்திருந்தார். ஒரு பக்கம் அவுன்ஸ் கோடு, மறு பக்கம் சி.சி. கோடு. மேல் கோட்டில் அறுபது என்று இருந்தது. அன்று மத்தியான வண்டிக்கே அதைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும்.

எல்லாரும் கடலைக்காட்டுக்குப் போயிருந்தார்கள். அவர் பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தார். நான் தானியக் குதிர் இருக்கும் அறையில் கட்டிலில் கிடந்தேன். குழந்தை பக்கத்தில் தூளியில் தூங்கியது. சமையலறைக்குப் போக வாசல் முற்றத்தைத் தாண்ட வேண்டும், கால் வரவில்லை. குதிரின் மேல் அளவைகள் அடுக்கியிருந்தன. எட்டி ஓர் ஆழாக்கை எடுத்தேன். உள்ளே அடி கறுத்திருந்தது. பழைய சாமான், கறுப்பு ஏறியிருக்கிறது என்று நினைத்தேன். செம்புத் தண்ணீரை அதில் விளிம்பு வரை ஊற்றி, அதிலிருந்து அவுன்ஸ் கிளாஸுக்கு மாற்றினேன். சரியாக இரண்டு கிளாஸ். ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நூற்றிருபது சி.சி. நாற்பதால் வகுத்தால் மூன்று. காய்ச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. வெள்ளைக்காரன் கணக்கு எங்கள் ஆழாக்கில் இப்படிச் சிந்தாமல் வந்து உட்காரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் என் சிலேட்டில் சரி போட்ட மாதிரி இருந்தது.

அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் அன்று சாயங்காலம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து போய், அடுப்படிச் சுவரில் கரியால் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் மூன்று கோடு கிழித்தேன்.

"அக்கா, வட்டம் ஒரு ஆழாக்கு தண்ணிங்க. கோடு மூணும் மூணு கரண்டி. தலையைத் தட்டிப் போடுங்க. கேவுரு அளக்கற மாதிரி கோபுரமா அள்ளிடாதீங்க."

"சரி கண்ணு," என்றாள்.

அக்கா கலக்குவதைக் கட்டிலிலிருந்து காதால் கேட்பேன். எங்கள் பக்கம் எதை அளந்தாலும் முதல் அளவை ஒன்று என்று சொல்ல மாட்டோம், லாபம் என்றுதான் தொடங்குவோம். அக்காவும் பால்பொடியை அப்படித்தான் எண்ணினாள். "லாபம், ரெண்டு, மூணு." பிறகு தகர டின்னின் விளிம்பில் கரண்டியைத் தட்டும் சத்தம். ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை.

நாலைந்து நாள் கழித்து அவள் கட்டிலருகே வந்து நின்றாள். கையில் சங்கு, அதில் பால்.

"கண்ணு, இது ரொம்பத் தண்ணியா இருக்குது. கழுநீராட்டம் தெரியுது பாரு. குடிச்ச கொஞ்ச நேரத்துல புள்ள மறுபடியும் வாயத் தொறக்குது. இன்னொரு கரண்டி போடட்டுமா?"

எனக்கு அன்று குளிர்நாள். பற்கள் கிட்டிக்கொண்டிருந்தன. அதைக் காரணமாகச் சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. குளிர் இல்லாவிட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

"கெட்டியாக் குடுத்தா வயிறு உப்பிப் போவும்னு டின்னுலயே போட்டிருக்குதுங்க அக்கா. இது கணக்கு. தெரியாதவங்க இதுல கை வெக்காதீங்க."

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகும் எண்ணிக்கை மூன்றிலேயே நின்றது. ஒரு நாள் கூட அவள் என்னை ஏமாற்றி நாலாவது கரண்டி போடவில்லை. ஏமாற்றியிருக்கக் கூடாதா என்று நான் அழுத நாட்கள் உண்டு.

குழந்தை முதலில் ஓயாமல் அழுதது. பிறகு அழுகை குறைந்தது. பழகிக்கொண்டது, நல்ல பிள்ளை என்று அத்தை சொன்னார். அழத் தெம்பில்லை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்காவுக்குத் தோன்றியிருக்கலாம். அவள் வாயைத்தான் நான் அடைத்து வைத்திருந்தேனே. தொடையில் சதை வற்றித் தோல் மடிந்தது. பொடிப்பால் தொடங்கி ஐந்தாவது வாரம் வயிற்றுப்போக்கு கண்டது. மூன்றாம் நாள், வெயில் நேரத்தில், அக்காவின் மடியில் கிடந்தபடியே போய்விட்டது. தருமபுரிக்குக் கொண்டுபோக வண்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். காளையை நுகத்தில் பூட்டியும் ஆகிவிட்டது.

துக்கத்துக்கு வந்த பெண்கள் நடுவில் அத்தைதான் முதலில் அதைச் சொன்னார். "பெத்தவ படுத்துக் கெடக்க, பெறாதவ கையில புள்ளையக் குடுத்தா என்ன ஆவும்? அவ கைராசி அப்புடி." கூட்டத்தில் யாரும் மறுக்கவில்லை. அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் சேலையில் குழந்தை கடைசியாகக் கக்கிய பாலின் கறை இருந்தது. நான் அவளைப் பார்த்தேன். எனக்குள்ளும் அதே எண்ணம்தான். தண்ணீரைச் சரியாகக் கொதிக்க வைத்தாளோ இல்லையோ, கரண்டியைக் கழுவினாளோ இல்லையோ என்று ஓடியது. என் கணக்கின் மேல் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

அதற்குப் பிறகு அக்காவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கினார்கள். காது குத்துக்கு அழைப்பு வந்தால் அவளை விட்டுவிட்டுப் போனார்கள். அக்கம்பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சிகள் இருந்தால் அந்தப் பக்கம் போகாதே என்றார்கள். தெருவில் கைக்குழந்தையோடு வருகிறவள் அவளைக் கண்டால் முந்தானையால் பிள்ளையை மூடிக்கொள்வாள். நானே இரண்டு தடவை பார்த்தேன்.

கேழ்வரகு அறுப்பு வந்தது. எனக்கு உடம்பு தேறியிருந்தது. கூலி அளக்க அத்தைக்கு அன்று முதுகு பிடித்துக்கொண்டதால், முதல் முறையாக என்னை அளக்கச் சொன்னார். பெண்ணாளுக்கு ஒரு படியும் ஓர் ஆழாக்கும். குதிர் மேலிருந்த படியையும் ஆழாக்கையும் எடுத்துக் கொடுத்தார். நான் அளந்து போடப் போட, முறத்தை ஏந்தி நின்ற ஒருத்தி பக்கத்தில் இருந்தவளை இடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"உங்க வூட்டு ஆழாக்கு எப்பவும் சாப்ட்டுட்டுத்தான் வருதுங்க அம்மிணி."

எல்லாரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கேலியை நான் வந்த புதிதிலும் கேட்டிருக்கிறேன். வீட்டில் இரண்டு வகை அளவை இருக்கிறது என்பது ஊமையும் அறிந்த சங்கதி. நாங்கள் வாங்குவதற்கு ஒன்று, கூலி கொடுப்பதற்கு ஒன்று. கூலி அளவையின் அடியில் அரக்கை உருக்கி ஊற்றியிருப்பார்கள். படியில் ஒரு விரல்கடை அரக்கு பெரிதாகத் தெரியாது. ஆழாக்கில் கால்வாசியைத் தின்றுவிடும். இது எனக்குத் தெரியும். தெரிந்ததை நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தேன். அந்த வீட்டில் சோறு தின்கிற எல்லாரும் அப்படித்தான் இருந்தோம்.

என் கையிலிருந்த ஆழாக்குக்குள் பார்த்தேன். கறுத்த அடி. அளப்பதை நிறுத்திவிட்டேன். "என்ன கண்ணு, மயக்கமா?" என்று யாரோ கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லி மிச்சத்தையும் அளந்து போட்டேன். பாருங்கள், அப்போதும் அதே ஆழாக்கில்தான் அளந்து போட்டேன்.

ஆட்கள் போன பிறகு அதைச் சமையலறைக்கு எடுத்துப் போனேன். அக்கா பால் கலக்கிய ஆழாக்கு அங்கே உறிக்கு அடியில் கவிழ்த்து வைத்திருந்தது. அதில் நிறையத் தண்ணீர் எடுத்து, கூலி ஆழாக்கில் ஊற்றினேன். நிரம்பியது. என் கையில் இன்னும் தண்ணீர் இருந்தது. ஊற்றினேன். வழிந்து என் காலில் ஓடியது. அரக்கு தின்றது கால்வாசி என்றால், சமையலறை ஆழாக்கு நூற்றிருபது இல்லை, நூற்றறுபது. நாற்பதால் வகுத்தால் நான்கு. எட்டாவது படித்தவளுக்கு இதற்குச் சிலேட்டு வேண்டாம். அக்கா கேட்டது சரியாக அந்த ஒரு கரண்டி.

பிறகு ஒரு டாக்டரம்மாவிடம், வேறு யார் வீட்டுக் கதையோ போல இதைச் சொல்லிக் கேட்டேன். கால் பங்கு பொடி குறைந்ததால் மட்டும் ஒரு குழந்தை செத்துப்போகும் என்று சொல்ல முடியாது, ஆனால் இளைத்த குழந்தை வயிற்றுப்போக்கைத் தாங்காது என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? தூக்கு என்றும் சொல்லவில்லை, விடுதலை என்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து தகரத்தில் எது தட்டுப்பட்டாலும் எனக்கு லாபம், ரெண்டு, மூணு என்று கேட்கிறது. மூன்றோடு நின்றுவிடுகிறது. நான்கு வருமா என்று காது காத்துக்கொண்டே இருக்கும், வராது.

ஆழாக்கை ஊற்றிப் பார்த்த மறுநாள் காலை அத்தையிடம் போனேன். அவர் மோர் கடைந்துகொண்டிருந்தார். இரவெல்லாம் சேர்த்துவைத்த தைரியம்.

"அத்தை, அக்கா மேல தப்பு இல்லீங்க. நான் குதிர் மேல இருந்த ஆழாக்குல கணக்கு போட்டுட்டேன். அது அளவு கொறச்சலுங்க. அதனால பால் தண்ணியாப் போயிருச்சுங்க."

மத்தைப் பிடித்த கை நிற்கவில்லை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. மிகவும் சாந்தமாகத்தான் கேட்டார்.

"எந்த ஆழாக்கு?"

"குதிர் மேல இருக்கறதுங்க."

"இந்த வூட்டுல எல்லா ஆழாக்கும் ஒரே அளவுதான் கண்ணு. நீ காச்சல்ல கெடந்தவ. கண்டதையும் நெனச்சுக் கொழப்பிக்காத."

எனக்குப் புரிந்துவிட்டது. அக்கா குற்றமில்லாதவள் என்றால் ஆழாக்கு குற்றவாளி. ஆழாக்கு குற்றவாளி என்றால், இத்தனை வருஷம் முறம் ஏந்தி நின்றவர்களுக்கு அந்த வீடு பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக மலடி ஒருத்தி பழி சுமந்துவிட்டுப் போனால் வீட்டுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நான் "சரிங்க அத்தை" என்றேன். அந்த இரண்டு வார்த்தைக்குத்தான் நான் இன்றுவரை வட்டி கட்டுகிறேன்.

என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கலாம். மூத்தவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் பழி என் தலைக்கு வரும் என்ற பயமும் அதில் கலந்திருந்தது. பெற்ற பிள்ளையைக் கணக்கு போட்டே கொன்றவள் என்று ஊர் பேசுமே. வீட்டு மானத்தைக் காப்பாற்றினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதெல்லாம் பாதிதான் உண்மை.

அடுத்த வருஷம் மூத்தவருக்கு இரண்டாம் கல்யாணம் பேசினார்கள். அக்காவைப் போகச் சொல்லி யாரும் வாயால் சொல்லவில்லை. அவளே ஒரு துணிமூட்டையோடு, வத்தல்மலை அடிவாரத்தில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது என்னிடம் மட்டும் வந்து, "ஒடம்பப் பாத்துக்க கண்ணு, கொய்னாவ நடுவுல நிறுத்திராத" என்றாள். அப்போது நான் மறுபடியும் மூன்று மாதம் முழுகாமல் இருந்தேன். அவள் என் வயிற்றைப் பார்க்காமல் பேசினாள். பார்த்தால் தன் கண் பட்டுவிடும் என்று அதற்குள் அவளே நம்பத் தொடங்கியிருந்தாள்.

எனக்கு ஆண் பிள்ளை பிறந்தது. பிழைத்தது. அவனுக்கு இரண்டு வயது நடந்தபோது என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, தருமபுரியில் பிள்ளையை என் அம்மாவிடம் விட்டேன். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓட்டிய பஸ்ஸில் ஏறி, இறங்கி, இரண்டு மைல் நடந்து அந்த அடிவாரத்து ஊருக்குப் போனேன்.

அக்கா களத்து மூலையில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். மலையிலிருந்து வந்த புளி பக்கத்தில் குவிந்து கிடந்தது. பாதித் தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து கையைக் கழுவி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். "புள்ள நல்லா இருக்கானா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் புளிக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவுன்ஸ் கிளாஸ், குதிர் மேல் இருந்த ஆழாக்கு, அரக்கு, நூற்றிருபது, நூற்றறுபது, ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அழுதேன். அவள் கொட்டை எடுக்கும் கை நிற்கவே இல்லை. நான் முடித்த பிறகும் நாலைந்து புளியம்பழத்தை உடைத்தாள்.

"இதச் சொல்லவா இத்தன தூரம் வந்த?"

"ஆமாங்க அக்கா. உங்க மேல ஒரு தப்பும் இல்லைன்னு…"

"எம் மேல தப்பு இல்லைன்னு எனக்குத் தெரியாதா கண்ணு? புள்ளைக்கு நாந்தான பால் கலக்குனேன். எனக்குத் தெரியும். தெரியாதவங்க அங்க இண்டூர்ல இருக்கறாங்க. அவங்க கிட்டச் சொல்லாம இங்க வந்து எங்கிட்ட சொல்லி அழுவற."

அவள் கொடுத்த மோர் என் கையில் அப்படியே இருந்தது.

"மோரக் குடி. வெயிலுக்கு முன்னால பஸ்ஸப் புடி," என்றாள். திட்டவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. ஊர் எல்லை வரை கூட வந்துவிட்டுத் திரும்பினாள்.

பஸ்ஸில் வரும்போது முடிவே செய்துவிட்டேன். வீட்டுக்குள் கால் வைத்ததும் சொல்வேன், மூத்தவர் எதிரில், புதிதாக வந்தவள் எதிரில், ஆட்கள் எதிரில் சொல்வேன் என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் போனேன். "அம்மா எப்புடி இருக்கறாங்க?" என்று அத்தை கேட்டார். நல்லா இருக்கறாங்க என்று சொன்னேன். அடுக்கி வைத்த எதுவும் வெளியே வரவில்லை. மறுநாள் சொல்லலாம் என்று விட்டேன். அப்படியே இரண்டு வருஷம் போனது.

ஒரு நாள் மத்தியானம் அக்காவின் அண்ணன் மகன் வந்து வாசலில் நின்றான். அக்கா போய்விட்டாளாம். மலைக்காய்ச்சல், நாலு நாள்தான் கிடந்தாளாம். சேதி கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். எல்லாரும் அத்தையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீர் உண்மையானதுதான்.

"பாவம், நல்லவதான். வேலைக்கு அஞ்ச மாட்டா. என்ன பண்றது, கைராசி இல்லாமப் போச்சு. எம் பேத்தியே அந்தக் கையிலதான போனா," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இல்லையா கண்ணு?" என்று கேட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.